மண்ணுள் மறைந்த இரும்பு

உறுதிக்கு உவமை கூற வேண்டுமாயின் நம்மவர் நாவில் முதலில் வருவது இரும்பே. இரும்பு நெஞ்சம் என்போம், இரும்புக்கரம் என்போம், உடல்வலி மிக்கவனை இரும்பு போன்றவன் என்போம். இத்துணை உறுதி வாய்ந்த இரும்பையும் ஓசையின்றித் தின்று தீர்க்கும் பகை ஒன்று உண்டு. அதனைத் துரு என்று நூல்கள் கூறும்; கறள் என்று நம் ஊர்கள் கூறும். வெளியே கிடக்கும் இரும்பிற் கறள் ஏறுவதை நாம் கண்ணாற் காண்கிறோம். எண்ணெய் பூசுகிறோம், வர்ணம் தீட்டுகிறோம். மண்ணினுட் புதைந்து கிடக்கும் இரும்புக்கு நேர்வதையோ ஒருவரும் காண்பதில்லை. ஓரிடத்தில் ஐம்பது ஆண்டுகள் கிடந்தும் உருக்குலையாத இரும்பு, மற்றோரிடத்திற் பத்து ஆண்டுகளில் ஓட்டை விழுந்து உதிர்ந்துவிடுவது ஏன்? இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் முதன்மையானது மண்ணின் ஈரம். அவ்வீரம் செய்யும் தொழிலையே இன்று ஆராய்வோம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த நம் புதுக்குடியிருப்பில் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. 2009 ஆம் ஆண்டின் போரில் இவ்வூர் அழிந்தது. மீளக் குடியேறிய மக்கள் புதிதாய் அத்திவாரம் வெட்டினர், குழாய்க்கிணறு இறக்கினர், முட்கம்பி வேலிக்குத் தூண் நட்டனர். இவை யாவும் நாம் அறிந்து மண்ணுக்குட் செலுத்திய இரும்பு. நாம் அறியாமலே மண்ணுக்குட் போன இரும்பும் இங்கு மிகுதி. 1990 இல் வடபகுதிப் புகையிரத சேவை நின்றபின், பாதையிலிருந்த தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013 இற் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டபோது, முற்றிலும் புதிய தண்டவாளங்களையே இடவேண்டியிருந்தது. இவற்றோடு எறிகணைச் சிதறல்களும், வெடிக்காது போன எறிகணைகளும் வன்னி மண்ணுட் கிடக்கின்றன. ஆதலின் மண்ணுக்குள் இரும்பு என்னாகிறது என்பதை அறிந்துகொள்வது நம் வீட்டுக்கும் நலம். நம் பிள்ளைகளின் உயிருக்கும் நலம்.

முதலிற் கறளின் பிறப்பைக் காண்போம். இரும்பு பூமியில் இயற்கையாக உலோக நிலையிற் கிடைப்பது அரிது. ஒட்சிசனோடு கூடிய தாதுவாகவே அது கிடைக்கிறது. மனிதன் உலையில் இட்டு, கரியின் துணையால் ஒட்சிசனைப் பிரித்து, அதனை உலோகமாக்குகிறான். நம் இலங்கையிற் சமனலவெவப் பகுதியில், சோளகக் காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகள் இருந்தமை 1996 இல் உலகறிய வெளியாயிற்று. காற்றின் வலியால் உலோகமான இரும்பு, நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வாய்க்கும்போது தன் பழைய நிலைக்குத் திரும்ப விழைகிறது. அத்திரும்புதலே கறள். நீர் மட்டும் இருந்து ஒட்சிசன் இல்லையெனினும், ஒட்சிசன் மட்டும் இருந்து நீர் இல்லையெனினும் வழக்கமான கறள் ஏறாது. இவ்விரண்டின் கூட்டுறவே இரும்பின் பகை.

ஈரமான மண்ணிற் கிடக்கும் இரும்புத் துண்டு ஒரு சிறிய மின்கலத்தை ஒத்தது. அதன் ஒரு பகுதியில் இரும்பு கரைந்து மண்ணீரிற் சேர்கிறது. இதனை அனோட்டு என்பர். மற்றொரு பகுதியில் ஒட்சிசன் இலத்திரன்களை ஏற்கிறது, இது கதோட்டு. இரண்டுக்குமிடையே மின்னோட்டம் இரும்பின் வழியாகவும் மண்ணீரின் வழியாகவும் சுற்றுகிறது. மண்ணில் நீர் இல்லையேல் இச்சுற்று அறுந்துபோகும். எனவேதான் முற்றும் உலர்ந்த மணலில் இரும்பு நெடுங்காலம் நிலைத்திருக்கும்.

அவ்வாறாயின் நீர் மிக மிகக் கறளும் மிகுமோ என்று வாசகர்கள் வினவலாம். இங்கேதான் இயற்கையின் நுட்பம் உளது. பிட்டுக்கு மாக் குழைக்கும் பெண்களைக் கேட்டால் இதன் உண்மை எளிதில் விளங்கும். நீர் தெளியாத மா தூளாய்ப் பறக்கும். அளவோடு நீர் தெளித்துக் குழைத்தால், மா உதிரியாய், ஒவ்வோர் உருண்டையும் ஈரம் பெற்று, உருண்டைகளுக்கிடையே காற்று உலாவ இடமிருக்கும். இதுவே பிட்டுப் பதம். நீர் மிஞ்சினால் மா களியாகிக் காற்றுக்கு வழியற்றுப் போகும். மண்ணும் இம்மாவைப் போன்றதே. உலர்ந்த மண்ணிற் காற்று உண்டு, நீர் இல்லை. நீர் தேங்கிய சேற்றில் நீர் உண்டு, காற்று இல்லை. ஏனெனில் ஒட்சிசன் காற்றில் ஊடுருவிச் செல்லும் வேகத்தில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே நீரில் ஊடுருவும். இவற்றிடையே உள்ள பிட்டுப் பதத்தில்தான் நீரும் காற்றும் ஒருசேர இரும்பைத் தீண்டுகின்றன. இந்தியாவில் நிகழ்ந்து 1979 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மண் தன்னகத்தே தாங்கக்கூடிய நீரின் அளவில் ஏறக்குறைய 65 வீதத்தை எய்தும்போது மென்னுருக்கின் அரிப்பு உச்சத்தை அடைவதைக் காட்டிற்று. அதற்குக் குறைந்தாலும் அரிப்புத் தணியும். அதனைக் கடந்தாலும் தணியும்.

நம் வன்னியின் காலநிலையை இவ்விதியோடு பொருத்திப் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மாரி மண்ணை நிறைக்கிறது. வைகாசியிலிருந்து சோளகம் வீசி அதனை உலர்த்துகிறது. நிறைந்த மண்ணும் உலர்ந்த மண்ணும் தத்தம் அளவில் இரும்புக்கு ஓரளவு ஆறுதல் தருவன. ஆனால் நிறைவிலிருந்து உலர்வுக்கும், உலர்விலிருந்து நிறைவுக்கும் செல்லும் வழியில் ஒவ்வோர் ஆண்டும் இருமுறை மண் பிட்டுப் பதத்தைக் கடந்தே ஆகவேண்டும். நிலத்தடி நீர் மாரியில் ஏறிக் கோடையில் இறங்கும் எல்லைக்குள் அகப்பட்ட குழாயின் பகுதி, அவ்வெல்லைக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளிலும் விரைவாய்க் கெடுவது இதனாலேயே.

இவ்விடயத்தில் உலகம் கண்ட மிகப் பெரிய ஆராய்ச்சி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. நகரங்களில் ஓடிய மின்சார ட்ராம் வண்டிகளின் தண்டவாளத்திலிருந்து கசியும் மின்னோட்டமே நிலத்தடிக் குழாய்களை அரிக்கின்றது என்று முதலில் எண்ணினர். ஆராய்ந்தபோது, அத்தகைய மின்னோட்டம் அணுகாத இடங்களிலும் குழாய்கள் அரிபட்டிருக்கக் கண்டனர். குற்றவாளி மண்ணே என்பது புலனாயிற்று. அந்நாட்டின் தேசிய நியமப் பணியகம் 1922 இல் உலோக மாதிரிகளை மண்ணுட் புதைக்கத் தொடங்கி, பல்லாண்டுகள் கழித்து ஒவ்வொன்றாய்த் தோண்டி எடுத்து நிறுத்துப் பார்த்தது. 128 இடங்களில் 36,500 வரையான மாதிரிகள் புதைக்கப்பட்டன. அவற்றின் முடிவுகளை மெல்வின் ரொமனோவ் என்னும் அறிஞர் 1957 இல் ஒரு நூலாகத் தொகுத்தார். அரிப்பை நிருணயிப்பதில் இரும்பின் வகையிலும் அது கிடக்கும் மண்ணின் வகையே வலியது என்பது அந்நூலின் சாரம்.

அவரே 1962 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் பயனுடையது. பாலங்கள், அணைகள் முதலியவற்றுக்காக நிலத்தில் அறைந்து இறக்கிய உருக்குத் தூண்களைப் பல ஆண்டுகளின் பின் அவர் சோதித்தார். குலையாத இயற்கை மண்ணுள் இறங்கிய அத்தூண்கள் பெரும்பாலும் பழுதின்றி இருந்தன. தோண்டி எடுத்து மீண்டும் நிரப்பிய மண்ணிற் கிடந்த இரும்போ அதனினும் மிகுதியாகக் கெட்டது. காரணம் வெளிப்படை. மண்ணைக் கிளறும்போது அதனுட் காற்றும் புகுகின்றது. கிளறாத ஆழமண்ணில் ஒட்சிசன் மிக அருகியே உளது. வன்னியிலோ மண் கிளறப்படாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பதுங்குகுழி வெட்டி, மண் அணை கட்டி, அவற்றை மீண்டும் தூர்த்துச் சமன்செய்த நிலம் காற்றோட்டமுள்ள, ஒரு சீரற்ற நிலமாகவே இருக்கும். அத்தகைய நிலத்தில் இரும்பு பதிப்போர் மும்மடங்கு எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் அரிப்பின் வேகம் சொல்லுந்தரமன்று. உப்பு நீர் மின்னை நன்கு கடத்தும். மண்ணின் மின்தடையை அளந்தே அதன் அரிக்கும் தன்மையைப் பொறியியலாளர் மதிப்பிடுவர். 10,000 ஓம்-சென்றிமீற்றருக்கு மேற்பட்ட மின்தடையுடைய மண் சாதுவானது; 1,000 இற்குக் குறைந்தது மிகக் கொடியது. நந்திக்கடலை அண்டிய உவர் நிலங்களும் கடற்கரையோர ஈர நிலங்களும் எந்த வகையிற் சேரும் என்று நான் கூற வேண்டுவதில்லை. உப்பிலுள்ள குளோரைட்டு, இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உடைத்துச் சிறு சிறு குழிகளைத் தோண்டுகிறது. பொதுவாக மண்ணில் இரும்பு ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரின் நூறிற் சில பங்களவே தேயும். ஆனால் குழி விழத் தொடங்கிவிட்டால், அக்குழியின் ஆழம் அதனினும் பன்மடங்கு வேகத்தில் வளர்ந்து குழாயைத் துளைத்துவிடும்.

வேலித்தூண் எப்போதும் மண்ணோடு சேரும் கழுத்தை அடுத்தே அற்று விழுவதைப் பலரும் கண்டிருப்பர். மேற்பகுதியிற் காற்று மிகுதி. சற்றுக் கீழே ஈரம் மிகுதி, காற்றுக் குறைவு. ஒட்சிசன் குறைந்த பகுதி அனோட்டாகிக் கரையும். மிகுந்த பகுதி கதோட்டாகித் தப்பும். மணலையும் களிமண்ணையும் ஊடறுத்துச் செல்லும் நீண்ட குழாய், களிமண்ணுள் இருக்கும் பகுதியிற் கெடுவதும் இதே நியதியால். ஆகவே ஒரே குழாய் இருவகை மண்ணைத் தொடுமாயின், அக்குழாயைச் சுற்றிலும் ஒரே வகையான சுத்த மணலை இட்டு நிரப்புவது அறிவுடைமை.

காற்றே இல்லாத சேற்றில் இரும்பு முற்றும் தப்பிவிடுமோ என்றால், அங்கும் ஒரு நுண்ணுயிர் காத்திருக்கிறது. மண்ணிலுள்ள சல்பேற்றை உண்டு, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும் பற்றீரியா அது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் இருவர் 1934 இல் இதன் திருவிளையாடலை விளக்கினர். தோண்டிய இரும்பின்மேற் செந்நிறக் கறளுக்குப் பதிலாகக் கருநிறப் பூச்சும் கெட்ட நாற்றமும் இருப்பின், இப்பற்றீரியா அங்குக் குடியிருந்தது என்று கொள்ளலாம்.

தில்லியில் உள்ள இரும்புத்தூணைப் பற்றிக் கேள்விப்படாதார் அரியர். ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று கறளால் அழியாத அத்தூண் 7 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் ஆறு தொன் அளவு நிறையும் உடையது. அதிற் கலந்துள்ள பொசுபரசும், தில்லியின் வறண்ட காற்றும் சேர்ந்து உண்டாக்கிய படலமே அதனைக் காத்தது என்று கான்பூர்த் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். ஆயினும் 1961 இல் அதன் அடியைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணினுள் இருந்த பகுதியிற் கறள் தடிப்பாய்ப் படிந்திருந்தது. அதன்பின்னரே அப்பகுதிக்கு ஈயத்தகட்டால் உறையிட்டனர். வானத்தின் கீழே வென்ற இரும்பும் மண்ணின் ஈரத்துக்கு ஓரளவு தோற்றது என்பதே இதன் பாடம்.

இனி, வீடு கட்டுவோருக்குச் சில சொற்கள். கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பிக்குக் காவல் அதனைச் சூழ்ந்த சீமெந்தே. அத்திவாரக் கொங்கிறீற்றை வெறும் மண்ணின்மேல் நேரே இடுவதாயின், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், கொங்கிறீற்று இருத்தல் வேண்டும். கம்பியை வெறுந்தரையிற் கிடத்திவிட்டு மேலே கொட்டுவது, சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்திப் பல இலட்சத்தை இழக்கும் செயல். கறள், தான் தின்ற இரும்பினும் இருமடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பது; அது வீங்கும்போது கொங்கிறீற்று வெடிக்கிறது. கடல்மணலைக் கழுவாது கலத்தல் ஆகாது. வேலித்தூணுக்கு நாகம் பூசிய குழாயே ஏற்றது. மண்ணோடு சேரும் இடத்தில் மேலும் கீழும் ஒரு சாண் அளவுக்குத் தார் பூசுதல் நன்று. நாகம் தான் முதலிற் கரைந்து இரும்பைக் காக்கும். இத்தியாக நியதியைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்காக 1824 இல் ஹம்ப்றி டேவி கண்டறிந்தார். 1928 இல் நியூ ஓர்லியன்சில் றொபேட் கூன் என்பவர், வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி, ஒரு வாயுக்குழாய் முழுவதையும் கதோட்டாக்கிக் காத்தார். அந்த வழியையே இன்றும் பெருங் குழாய்த்தொடர்கள் பின்பற்றுகின்றன.

இவ்வுண்மைகளை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்வேன். கடையில் வாங்கிய புதிய ஆணிகள் நான்கை அரத்தாளால் தேய்த்து, நான்கு போத்தல்களில் இடுக. முதலாவதில் நன்கு வறுத்து ஆறிய மணல் நிரப்பி மூடியிடுக. இரண்டாவதிற் பிட்டுப் பதத்தில் ஈரமாக்கிய மணலை இடுக. மூன்றாவதில் மணலிட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரால் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுக. நான்காவதிலும் ஈரமணலே, ஆனால் ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்க்க. ஒரு மாதம் கழித்து நான்கு ஆணிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேலே படித்த பாடம் கண்முன் நிற்கும். இதற்குக் கடை ஆணியே வேண்டும். நிலத்திற் கிண்டி எடுத்த இரும்பு வேண்டவே வேண்டாம்.

இவ்வெச்சரிக்கையே இக்கட்டுரையின் உயிர்நாடி. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்பது பழமொழி. பழைய இரும்புக்கு விலையுண்டு, வறுமையும் உண்டு. கறளேறி உருவம் சிதைந்த ஓர் எறிகணையைக் கண்டால், "இது உக்கிப்போன பொருள், இனி என்ன செய்யும்?" என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் உயிரைக் குடிக்கும். கறள் என்பது இரும்புக்கும் மண்ணின் ஈரத்துக்கும் இடையே நடந்த வழக்கின் தீர்ப்பு. உள்ளே அடைபட்ட வெடிமருந்து அவ்வழக்கிற் சேர்ந்ததன்று. ரி.என்.ரி. என்னும் வெடிமருந்து நீரில் மிக அற்பமாகவே கரையும். பல பத்தாண்டுகள் வீரியம் குன்றாது கிடக்கும். வெளியுறை உக்கும்போது உள்ளிருக்கும் காப்பு ஊசியும் சுருள்வில்லும் உக்கலாம். அப்போது சிறு அசைவும் போதும். பல மிதிவெடிகளின் உறையோ பிளாத்திக்கு; அதற்குக் கறளே ஏறாது. ஆகவே சேற்றிற் புதிது போற் கிடப்பதும், ஈரமண்ணில் உக்கிக் கிடப்பதும், தாம் கிடந்த மண்ணின் வரலாற்றைக் கூறுமேயன்றித் தம் அபாயத்தின் அளவைக் கூறமாட்டா.

இதற்குச் சான்று வேண்டுமாயின் பெல்ஜியத்தைப் பாருங்கள். முதலாம் உலகப்போர் 1918 இல் முடிந்தது. அந்நாட்டின் ஈப்பர் நகரைச் சூழ்ந்த வயல்களில் உழவர் ஏர் கட்டும்போதெல்லாம் எறிகணைகள் மேலெழுகின்றன. அவற்றை இரும்பு அறுவடை என்றே அழைக்கின்றனர். 2014 மார்ச்சில், அதே நகரில் ஒரு கட்டட வேலைத்தலத்தில், அப்போரின் எறிகணை ஒன்று வெடித்துத் தொழிலாளர் இருவர் மாண்டனர். அது மண்ணுக்குட் போய் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றிருந்தன. வன்னியிற் போர் ஓய்ந்து இன்னும் இருபது ஆண்டுகளும் நிறையவில்லை.

இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. அதன்படி மிதிவெடியுள்ள நிலங்களைப் பத்து ஆண்டுகளுட் துப்புரவாக்குதல் கடமை. நம்மூர் ஆண்களும் பெண்களும் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவி அப்பணியைச் செய்து வந்துள்ளனர். உலோகங்காணும் கருவிக்குச் சிதறிய ஒவ்வோர் இரும்புத் துண்டும் ஒரு மிதிவெடியைப் போலவே ஒலி எழுப்புவதால், ஒவ்வோர் ஒலிக்கும் மண்ணைக் கிளறியே பார்க்க வேண்டியுளது. அவர்கள் பொறுமைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி ஒன்றே: ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமலும் உதைக்காமலும் எரிக்காமலும், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, மற்றவர் அணுகாதவாறு தூரத்தில் ஓர் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அறிவித்தல். அத்திவாரமும் கிணறும் வெட்டும்போது மண்வெட்டியில் இரும்பு தட்டினால், வேலையை அவ்விடத்திலேயே நிறுத்துதல். தோட்டத்திற் குப்பை கொளுத்துமுன் நிலத்தை நோக்குதல். இவற்றைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னாற் போதாது. ஒவ்வொரு மாரியின் பின்னும் சொல்லவேண்டும். மழைநீர் மண்ணை அரித்து மறைந்தவற்றை வெளிக்காட்டும் காலம் அதுவே.

நம் வன்னியின் செம்மண் செந்நிறமாய் இருப்பதும் இரும்பின் ஒட்சைட்டினாலேயே. இயற்கை தன் இரும்பையெல்லாம் என்றோ கறளாக்கி, அதன்மேற் காடும் கமமும் வளர்த்துவிட்டது. மனிதன் புதைத்த இரும்பையும் அது ஒருநாள் செம்மண்ணாக்கியே தீரும். அந்நாள் வருந்துணையும் கையைக் காப்பது நம் கடன்.